உருகும் பனி: வேண்டுமென்று செய்யாத தீங்குக்கும் கேள்வி உண்டா?

 



சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் ஓர் இளைஞர் என்னருகில் வந்து உட்கார்ந்தார். துருவத்துப் பனி உருகுவதைப் பற்றிய ஒரு காணொளியைக் கைப்பேசியில் காட்டினார். பிறகு கேட்டார்: "ஹஜ்ரத், இதுக்கெல்லாம் மனுஷன்தான் காரணம்னு சொல்றாங்க. நான் எண்ணெய்க் கம்பெனியில வேலை பாக்குறேன். ஆனா நான் யாருக்கும் கெடுதல் நினைச்சதில்லையே. நினைக்காம நடந்ததுக்கும் அல்லாஹ்கிட்ட கேள்வி உண்டா?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அடுத்த ஜும்ஆவில் சொல்கிறேன், தம்பி" என்று அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் கிதாபுகளைப் புரட்டியதில் எனக்குப் புரிந்ததை இன்று உங்கள் முன் வைக்கிறேன். இது ஃபத்வா அல்ல. நீங்களும் சேர்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்.

முதலில் அந்தப் பனியைப் பற்றி. அல்மூஃமினூன் அத்தியாயத்தின் 18ஆம் வசனத்தில், வானத்திலிருந்து அளவோடு நீரை இறக்கி அதைப் பூமியில் தங்க வைத்திருப்பதாகவும், அதைப் போக்கிவிடவும் தான் ஆற்றலுள்ளவன் என்றும் அல்லாஹ் அறிவிக்கிறான். தங்க வைத்த நீர் என்றால் கிணறு, குளம், ஏரி என்றுதான் நமக்கு நினைவு வரும். ஆனால் பூமியில் உள்ள நன்னீரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பனியாக உறைந்து கிடக்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி இரண்டே இடங்களில், அண்டார்டிகாவிலும் கிரீன்லாந்திலும் இருக்கிறது. கிரீன்லாந்தின் பனி சில இடங்களில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் தடிமன் கொண்டது. அது முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். அண்டார்டிகா முழுவதும் உருகினால் சுமார் 58 மீட்டர். அப்படி முழுவதும் உருக நூற்றாண்டுகள் பல ஆகும். நாளைக்கே நடந்துவிடும் என்று உங்களைப் பயமுறுத்த நான் வரவில்லை. அவ்வளவு நீரைத் திடமாக்கி, மனிதன் குடியிருக்க முடியாத இடத்தில் கொண்டுபோய் வைத்து, நமக்குக் கரையும் வயலும் ஊரும் விட்டுத் தந்திருக்கிறானே, அந்த ஏற்பாட்டைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்தப் பனிக்கு வேறொரு வேலையும் உண்டு. வெயில் காலத்தில் வெள்ளைச் சட்டை போட்டால் சூடு குறைவு, கறுப்புச் சட்டை போட்டால் அதிகம் என்பது நமக்குத் தெரியும். பனி மூடிய கடல் தன் மீது விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பனி போய்த் திறந்து கிடக்கும் கடலோ கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்கிறது. விழுங்கிய சூடு மேலும் பனியை உருக்குகிறது. வட துருவக் கடலில் கோடை முடிவில், அதாவது செப்டம்பரில், மிஞ்சியிருக்கும் பனியின் பரப்பு 1980களில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டராக இருந்தது. 2012இல் அது 34 லட்சமாகச் சுருங்கியது.

மிதக்கும் பனி உருகுவதால் கடல்மட்டம் அநேகமாக உயர்வதில்லை. தம்ளரில் மிதக்கும் பனிக்கட்டி கரைந்தாலும் நீர் வழிவதில்லை அல்லவா? உயர்த்துவது நிலத்தின் மேல் கிடக்கும் பனி. கடந்த இருபது ஆண்டுகளில் கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 27,000 கோடி டன் பனியை இழந்திருக்கிறது. அண்டார்டிகா சுமார் 15,000 கோடி டன். பூமியின் ஈர்ப்பு விசையில் ஏற்படும் மாற்றத்தைச் செயற்கைக்கோள்களால் அளந்து பெற்ற கணக்கு இது.

இந்த ஈர்ப்பு விஷயத்தில்தான் என்னை உலுக்கிய ஒரு தகவல் இருக்கிறது. அவ்வளவு பெரிய பனிப் பாரம் தன்னைச் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் இழுப்பும் குறைகிறது; பிடியிலிருந்து விடுபட்ட நீர் விலகிப் போகிறது. அதனால் கிரீன்லாந்தின் பனி உருகும்போது அதன் கரையோரத்தில் கடல்மட்டம் தாழ்கிறது. உயர்வது தொலைவில்தான். பூமத்திய ரேகையை ஒட்டிய கடல்களில் சராசரியைவிடக் கூடுதலாக உயர்கிறது. ஓரிடத்தில் உருகுகிறது, அந்தப் பனியைக் கண்ணால் கூடப் பார்த்திராதவன் வாசலில் தண்ணீர் நிற்கிறது.

யார் வாசல் அது? நம் சகோதரர்களின் வாசலைச் சொல்கிறேன். மாலத்தீவு சுமார் 1,200 சிறு தீவுகளால் ஆன முஸ்லிம் நாடு. தூத்துக்குடித் தோணிகள் தலைமுறை தலைமுறையாகச் சரக்கு ஏற்றிச் சென்ற நாடு. அதன் நிலப்பரப்பில் 80 விழுக்காடு கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம் கூட இல்லாதது. தலைநகர் மாலேயில் ஹுகுரு மிஸ்கீ என்ற பள்ளிவாசல் இருக்கிறது. ஹுகுரு என்றால் அவர்கள் மொழியில் வெள்ளிக்கிழமை. நம் பேச்சில் சொன்னால் ஜும்ஆ பள்ளி. பவளப் பாறைகளைச் செதுக்கி 1658இல் கட்டியது. அதன் வளாகத்தில் உள்ள கப்ருகளின் தலைமாட்டுக் கற்களும் பவளப் பாறைதான். இன்று அங்கே பாங்கு சொல்லி, நம்மைப் போலவே ஸஃப்பு கட்டி நின்றிருப்பார்கள்.

1987 ஏப்ரலில் பேரலைகள் மாலேக்குள் புகுந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் அன்றைய அதிபர் மஃமூன் அப்துல் கய்யூம் ஐ.நா. பொதுச் சபையில் நின்று, கடல்மட்டம் உயர்ந்தால் தம் நாடே இல்லாமல் போகலாம் என்று முறையிட்டார். அவர் அல்அஸ்ஹரில் ஓதியவர். 2009இல் அடுத்த அதிபர் முஹம்மது நஷீத் தம் அமைச்சரவைக் கூட்டத்தைக் கடலுக்கடியில் நடத்திக் காட்டினார். உலகம் படம் பார்த்துச் சிரித்துவிட்டுக் கலைந்தது. பூமியைச் சூடாக்கும் புகையில் அந்த நாட்டின் பங்கு ஆயிரத்தில் ஒன்று கூட இல்லை.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். நினைக்காமல் நடந்ததற்குக் கேள்வி உண்டா?

நம் இமாம்கள் இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று இஸ்ம், அதாவது பாவம். மற்றொன்று ளமான், அதாவது இழப்பீட்டுப் பொறுப்பு. தூங்குபவன், சிறு பிள்ளை, புத்தி சுவாதீனம் இல்லாதவன் ஆகிய மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற ஹதீஸின் கருத்து நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தூக்கத்தில் புரண்டு ஒருவன் பக்கத்துக்காரனின் பாத்திரத்தை உடைத்துவிட்டால்? பாவம் இல்லை, விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். ஒரு குழந்தை அடுத்தவன் பொருளைப் பாழாக்கிவிட்டால் அந்தக் குழந்தையின் சொத்திலிருந்து ஈடு செய்யச் சொல்கிறது ஃபிக்ஹ். ஏன்? உடைந்தவனுக்கு உடைந்தது உடைந்ததுதான். உங்கள் உள்ளம் சுத்தமாக இருந்ததால் அவன் பாத்திரம் ஒட்டிக்கொள்ளாது.

நம்மில் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். "நான் வேண்டுமென்றா செய்தேன்?" என்று கேட்டால் பொறுப்பும் தீர்ந்துவிட்டதாக நினைக்கிறோம். தீர்வது பாவம் மட்டும்.

அடுத்த கேள்வி நியாயமானது. பாத்திரத்தை உடைத்தவன் நேரடியாக உடைத்தான். நான் அடுப்பு பற்ற வைத்தேன், வண்டி ஓட்டினேன். எங்கோ பனி உருகியது, எங்கோ கடல் ஏறியது. இதற்கு நான் எப்படிப் பொறுப்பு? ஃபிக்ஹில் இதற்கும் இடம் இருக்கிறது. நேரடியாகச் செய்தவன் எண்ணம் இல்லாவிட்டாலும் பொறுப்பாளி. காரணமாக மட்டும் இருந்தவன் வரம்பு மீறியிருந்தால்தான் பொறுப்பாளி. அந்த வரம்பை விளக்க நம் கிதாபுகள் சொல்லும் உதாரணம் கிணறு.

ஒருவன் தன் சொந்த நிலத்தில் கிணறு வெட்டினான். யாரோ வந்து விழுந்து இறந்துவிட்டால் வெட்டியவன் மீது ஒன்றுமில்லை. அதே கிணற்றைப் பொதுப் பாதையில் வெட்டினால் இழப்பீடு உண்டு. வெட்டியவன் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கலாம். விழுந்தவன் யாரென்றே தெரியாமல் இருக்கலாம். யாரும் விழ வேண்டும் என்று அவன் நினைத்திருக்கவே மாட்டான். தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்கட்டும் என்றுகூட வெட்டியிருப்பான். ஆனாலும் தியத் உண்டு. சட்டம் அவன் மனதைத் தோண்டிப் பார்க்கவில்லை. அவன் தோண்டிய இடம் யாருடையது என்று பார்த்தது.

காற்று யாருடையது, சகோதரர்களே? என் வீட்டுக் கொல்லையா? அது பொதுப் பாதை. என் புகைபோக்கியிலிருந்து போனது என் கூரைக்கு மேலேயே நிற்பதில்லை. அது பூமி முழுவதையும் சுற்றுகிறது; அதில் ஒரு பங்கு நூற்றாண்டுகள் கழித்தும் அங்கேயே இருக்கிறது.

"அப்படியானால் மூச்சு விடுவதும் சோறு ஆக்குவதும் குற்றமா?" என்று யாராவது கேட்கலாம். இல்லை. பொதுப் பாதையில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. பிறருக்கு ஆபத்து நேராதபடி என்ற நிபந்தனையோடு அந்த உரிமை தரப்பட்டிருக்கிறது என்று ஹனஃபி அறிஞர்கள் எழுதினார்கள். ஒரு ஏழைத் தாய் அடுப்பு ஊதுவது பாதையில் நடப்பது. பாதை தாங்காத அளவுக்கு எடுத்துக்கொள்வது பாதையைத் தோண்டுவது. இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதில் வாதம் இருக்கலாம். கோடே இல்லை என்று சொல்ல முடியாது.

அரசின் அனுமதியோடு பாதையில் கிணறு வெட்டினால் பொறுப்பு இல்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அப்படியென்றால் எல்லாத் தொழிற்சாலைகளும் அரசு அனுமதியோடுதானே நடக்கின்றன? சரிதான். ஆனால் தன் ஊர்ப் பாதைக்கு ஓர் அரசு அனுமதி தரலாம். மாலேயின் கரையை வேறொரு நாட்டு அரசு எப்படி எடுத்துக் கொடுக்கும்?

இன்னும் ஒரு சாக்கு உண்டு. "உலகமே சேர்ந்து செய்தது, என் பங்கு எவ்வளவு?" இதற்கும் கிணறுதான் பதில் சொல்கிறது. நான்கு பேர் சேர்ந்து ஒரு கிணறு தோண்டுகிறார்கள். அவர்கள் தோண்டியதாலேயே அது சரிந்து ஒருவர் இறந்துவிடுகிறார். மீதி மூவர் மீதும் தியத்தில் ஆளுக்குக் கால் பங்கு. மிச்சக் கால் பங்கு தள்ளுபடி. ஏனெனில் இறந்தவரும் தோண்டியவர்தான். என்ன நுணுக்கம் பாருங்கள்! கூட்டத்தில் ஒளிந்துகொள்ள யாரையும் விடவில்லை. ஒருவன் தலையிலேயே முழுச் சுமையையும் ஏற்றவும் இல்லை. பாதிக்கப்பட்டவனின் சொந்தப் பங்கைக்கூடக் கழித்துவிட்டார்கள். மாலத்தீவுக்காரர்கள் கணக்கில் கழிக்க என்ன இருக்கிறது என்று யோசியுங்கள்.

2022இல் எகிப்தின் ஷர்முஷ்ஷைகில் கூடிய நாடுகள், பருவநிலை மாற்றத்தால் இழப்புக்கு ஆளாகும் ஏழை நாடுகளுக்காக ஒரு நிதியம் அமைக்க ஒப்புக்கொண்டன. அடுத்த ஆண்டு துபாயில் அது நடைமுறைக்கு வந்தது. பணக்கார நாடுகள் அதில் போடுவதை "உதவி" என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. கடன் என்ற சொல்லை வாயில் எடுக்கப் பயப்படுகின்றன. ஸதகாவுக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். கடன்காரன் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "தர்மம் செய்தேன்" என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

இங்கே மேற்கு நாடுகளைத் திட்டிவிட்டு நாம் எழுந்து போய்விடலாம். மிம்பரில் அது சுலபம், கூட்டமும் தலையாட்டும். ஆனால் ஆளுக்கு இவ்வளவு புகை என்று கணக்குப் பார்த்தால் உலகப் பட்டியலின் முன்வரிசையில் கத்தரும் குவைத்தும் அமீரகமும் இருக்கின்றன. நம் வீட்டுச் சோறு எங்கிருந்து வந்தது? இந்தப் பள்ளியின் மேல்மாடி யார் பணத்தில் எழுந்தது? அந்த எண்ணெயில்தான் நம் அக்கா தங்கைகளுக்கு நிகாஹ் நடந்தது, நம் பிள்ளைகள் படித்தார்கள். அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொல்வது கடமை. ஆனால் நன்றி சொல்கிற வாயால் உண்மையை மறைக்கக் கூடாது.

அந்தத் தம்பி இதைத்தான் கேட்டார். ஹிதாயாவில் கூலியாளைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். முதலாளிக்கு உரிமை இல்லாத இடத்தில் கிணறு வெட்டக் கூலிக்கு வந்தவனுக்கு அந்த விஷயம் தெரியாவிட்டால் பொறுப்பு முதலாளியுடையது. தெரிந்தே வெட்டினால் பொறுப்பு வெட்டியவனுக்கு வந்துவிடும். இந்த இடத்தில் நான் கிதாபை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் எடுப்பது வேறு, அதை எரிப்பது வேறு. எரிப்பவர்கள் நாம் எல்லோரும். மாலேயிலும் அதே எண்ணெயில்தான் படகு ஓடுகிறது. ஆகவே எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்யும் கூலியாளை, பாதையில் கிணறு வெட்டியவன் இடத்தில் நிறுத்த எனக்கு ஆதாரம் தெரியவில்லை. தம்பி, உங்கள் சம்பளம் ஹராம் என்று நான் சொல்லவில்லை. "தெரியாது" என்ற சாக்கு மட்டும் இனி உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை என்கிறேன்.

தெரியாது என்று சொல்ல முடியாத காலம் எப்போதோ வந்துவிட்டது. காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி சூடாகும் என்று சுவீடன் நாட்டு விஞ்ஞானி அர்ரேனியஸ் 1896இலேயே கணக்குப் போட்டார். 1958 முதல் ஹவாய் தீவில் ஒரு மலை மீது அந்த வாயுவைத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். அதற்கு முந்தைய கணக்கைத் தந்தது அண்டார்டிகாவின் பனி. ஆண்டாண்டாக விழுந்து இறுகிய பனிக்குள் அந்தந்தக் காலத்துக் காற்று சின்னஞ்சிறு குமிழிகளாகச் சிறைப்பட்டிருக்கிறது. அதைத் துளைத்து எடுத்து எட்டு லட்சம் ஆண்டுகளின் காற்றைச் சோதித்திருக்கிறார்கள். அவ்வளவு நீண்ட காலத்திலும் பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டாத அந்த வாயு இன்று 420ஐத் தாண்டி நிற்கிறது.

அந்நாளில் பூமி தன் செய்திகளை எடுத்துரைக்கும் என்று ஸில்ஸால் அத்தியாயம் சொல்கிறது. அது அண்டார்டிகாவைப் பற்றிய முன்னறிவிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு விஞ்ஞானச் செய்திக்கும் ஒரு வசனத்தை ஒட்டவைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தச் சூராவை ஓதும்போது அந்தக் குமிழிகள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. நாம் ஊதிவிட்டு மறந்த மூச்சைப் பூமி மறக்கவில்லை.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், நாம் என்ன செய்ய?" என்று சொல்பவர்களும் நம்மில் உண்டு. ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேட்டு உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கம் போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். புல் முளைத்த சரிவும் வறண்ட சரிவும் இருக்கும்போது ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது அவன் விதிப்படிதானே என்றும் விளக்கினார்கள். விதியை நம்பியவர்கள்தான், திரும்பி நடந்தார்கள்.

புகாரியில் நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கும் கப்பல் உவமை உங்களுக்குத் தெரிந்ததே. கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தண்ணீருக்காக அடிக்கடி மேலே போக வேண்டியிருக்கிறது. நம் பகுதியில் ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோம், மேலே இருப்பவர்களுக்குத் தொந்தரவு இருக்காது என்று நினைக்கிறார்கள். எத்தனையோ முறை இதை மிம்பரில் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் கவனிக்கவே இல்லை. அவர்களுடைய எண்ணம் நல்ல எண்ணம்! பிறருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்றுதான் துளைக்கப் போகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்த எண்ணத்தைக் குறை சொல்லவில்லை. கையைப் பிடித்தால் எல்லோரும் தப்புவார்கள், விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள் என்றுதான் சொன்னார்கள். இன்று கப்பலில் இடம் மாறியிருக்கிறது. துளைப்பவர்கள் மேல்தளத்தில், தண்ணீர் ஏறுவது கீழ்த்தளத்தில்.

நம் கை எங்கே இருக்கிறது? நாம் செய்வது சிறிது என்பது எனக்கும் தெரியும். தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகும் இந்த ஹாலில் ஏழு ஏ.சி.யும் அஸர் வரை ஓடிக்கொண்டிருக்கின்றன. மோதினாரிடம் இன்று சொல்லியிருக்கிறேன். வலீமாவில் குப்பைக்குப் போகும் பிரியாணியைப் பற்றி இனி எத்தனை முறை சொல்வது! இவையெல்லாம் கிரீன்லாந்தைக் காப்பாற்றிவிடும் என்று சொன்னால் அது பொய். ஆனால் என் பங்கு கால் அல்ல, கோடியில் ஒன்றுதான் என்றாலும், அணுவளவும் காட்டப்படும் என்று அதே ஸில்ஸால் சூரா முடிகிறது. ஜமாஅத் நிர்வாகிகளிடம் இன்னொரு யோசனையும் வைத்திருக்கிறேன். கடல் ஏறி ஊரை இழக்கும் மக்களுக்காக ரமளானில் ஒரு வசூல் செய்வோம். அறிவிப்புப் பலகையில் அதற்கு "ஸதகா" என்று எழுத வேண்டாம், "கடன்" என்றே எழுதுவோம். நிர்வாகிகள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் ஊர்களில் கப்ரின் தலைமாட்டில் நடும் கல்லை மீஸான் கல் என்கிறோம். மீஸான் என்றால் தராசு. வானத்தை உயர்த்தித் தராசை வைத்ததாகவும், அதில் வரம்பு மீற வேண்டாம் என்றும் அர்ரஹ்மான் சூராவில் சொல்கிறானே, அதே சொல். ஹுகுரு மிஸ்கீயின் வளாகத்தில் பவளத்தில் செதுக்கிய அந்தக் கற்களும் கடலிலிருந்து எடுத்தவைதான்.

யா அல்லாஹ்! அந்தக் கற்களையும், அவற்றின் கீழ் உறங்கும் எங்கள் முன்னோர்களையும், அந்தப் பள்ளியில் இன்று உன்னைத் தொழுதவர்களையும் பாதுகாப்பாயாக! அறியாமல் செய்ததை மன்னித்து, அறிந்த பின் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க எங்கள் கைகளைத் திறப்பாயாக! ஆமீன்.